உறைக்குள் ஒரு தேதி

எண்ணெய் தரையில் சொட்டினால் நல்லது.
அட்டையை விரித்துவைத்து
காலையில் கறைக்கு நேர் மேலே பார்த்து
இந்த இடம் என்று விரல் வைத்துவிடலாம்.
இந்த வண்டி சொட்டவில்லை.
உள்ளுக்குள் கசிந்து
சூடான சிலிண்டர்களின் மேல் விழுந்து கருகி
ஹீட்டர் குழாய் வழியாக முன்னிருக்கைக்கு வந்து
ஓட்டுகிறவரின் கோட்டில் ஏறிக்கொள்கிறது.

"என் மனைவி பஸ்ஸில் போகிறாள்" என்றார்
பல் மருத்துவர் பால்தசார் லார்ரோசா.
ஐம்பத்தெட்டாம் வருட வண்டி. கரும்பச்சை.
போன மார்ச்சில் புவனோஸ் ஐரிஸில் ஏலம் எடுத்து
படகில் ஏற்றி
இக்கரை கொலோனியாவுக்குக் கொண்டுவந்தாராம்.

ஜூலை. எங்களுக்கு நடுக் குளிர்காலம்.
ஆற்றுக் காற்று தகரக் கதவை உலுக்க
ஸ்டூலில் உட்கார்ந்து அவர் மாத்தே ஊற்றித் தர
நான் கழற்ற ஆரம்பித்தேன்.

காற்றில் குளிரும் எஞ்சின், ரேடியேட்டர் கிடையாது.
விசிறியைச் சுற்றித் தகர உறை;
உறைக்குள் ஒளிந்து நிற்கிறது ஆயில் கூலர்.
அதைத் தொடுவதற்கு
கார்புரேட்டர் இரண்டும் இறங்க வேண்டும்
பெல்ட் இறங்க வேண்டும், டைனமோ இறங்க வேண்டும்,
சுற்றிக்கொண்டே இருந்து கழல மறுக்கும்
அந்த ஒரு ஸ்க்ரூவிடம்
அரைமணி நேரம் பேச வேண்டும்.

"எவனோ ஒரு மடையன்
திருகைச் சிதைத்திருக்கிறான்" என்றேன்.
"மடையன்தான்" என்றார் லார்ரோசா.

கூலரின் துளைகளை அடைத்து
காற்றடித்து, வாளித் தண்ணீரில் முக்கினேன்.
இருவரும் குனிந்து பார்த்தோம்.
ஒரு குமிழிகூட இல்லை.
இத்தனை பழி சுமந்த கூலர்
தண்ணீருக்கடியில் சும்மா கிடந்தது.

பிறகு அது உட்காரும் இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன்.
வலது துளையில் ஒரு ரப்பர் வளையம்.
இடது துளையில் இரண்டு.
மேலே இருந்தது பழையது.
அடியில் இருந்தது அதைவிடப் பழையது,
நகம் பட்டதும் தூளாகும் அளவுக்கு.
எடுக்க மறந்து
அதன் தலையிலேயே புதியதை வைத்து
முறுக்கி மூடியிருக்கிறான்.

"மடையன், மடையன்" என்றேன்.
லார்ரோசா குடுவையை நீட்டினார்.

உறையின் உட்புறம் விரற்கடை அளவு கரி.
மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்க்கத் தேய்க்க
பச்சைக்கு அடியில் வெள்ளைப் பெயிண்ட் வந்தது.
வெள்ளையில், ஆணியால் கீறிய ஒரு தேதி:
பதினான்கு, நவம்பர், இரண்டாயிரத்து ஒன்பது.
நாலை நாற்காலி மாதிரி எழுதுகிற ஆள்
இந்த ஊரில் ஒருத்திதான்.
பக்கத்திலேயே இரண்டு எழுத்து.
நேலிதா எச்சார்த்.
நான்.

எவ்வளவு முயன்றும் அந்த நாள் வரவில்லை.
ஒரு வெள்ளை வண்டி வருகிறது, கலங்கலாக.
மழை பெய்ததா, யாராவது கூப்பிட்டார்களா,
வாடகை பாக்கியா, காய்ச்சலா?
துளைக்குள் விரலை விட்டு
ஒருமுறை தடவிப் பார்க்க ஒரு நொடி போதும்.
அந்த நொடியில்
என்ன செய்துகொண்டிருந்தேன்?

கம்பி பிரஷ் கையில் இருந்தது.
நான்கு இழுப்பில் தேதி போய்விடும்.
லார்ரோசா கெண்டியில் வெந்நீர் இருக்கிறதா என்று
ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், மடையன் இல்லை" என்றேன்.
"மடச்சி."
காலை முழுக்க ஆண்பாலில் திட்டிவிட்டேன்.
உறையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றி அந்த நாற்காலியை
வெகுநேரம் பார்த்தார்.
"முப்பது வருடமாகப் பல் அடைக்கிறேன்" என்றார்.
"எதுவும் திரும்பி வந்து
என்னிடம் தேதியைக் காட்டியதில்லை."

இடது துளையில் விரலை விட்டுத் தடவினேன்.
மறுபடி தடவினேன்.
டாக்டரையும் தடவிப் பார்க்கச் சொன்னேன்.
ஒரு துளைக்கு ஒரு வளையம்.
பழைய தேதிக்குக் கீழே இன்றைய தேதி.
பில்லில் வளையங்களின் விலை மட்டும்.

மாலையில் எஞ்சினைக் கிளப்பி
ஹீட்டரை முழுக்கத் திறந்து
ஜன்னல்களை ஏற்றிவிட்டு
இரண்டு நாய்களைப் போல
மூக்கைத் தூக்கி உட்கார்ந்திருந்தோம்.
பத்து நிமிடம். இருபது.
லேசாக எண்ணெய் வாடை.
எனக்கு வயிற்றைப் புரட்டியது.

"கோட்டைக் கழற்றி வெளியே போடுங்கள்" என்றேன்.

போட்டார்.
மறுபடி முகர்ந்தோம்.